எஞ்சினுக்கு எவ்வளவு பெரிய மூக்கு வேண்டும்?

கட்டுரையைப் படிக்கத் தொடங்குமுன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். குளிர்பானம் குடிக்கும் ஸ்ட்ரா ஒன்றை வாயில் வைத்து, மூக்கை விரல்களால் மூடிக்கொண்டு, நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்தபடி அதன் வழியாக மூச்சு விடுங்கள். கொஞ்சம் சிரமமாக இருக்கும். ஆனாலும் அரை நிமிடம் சமாளித்துவிடலாம். இப்போது எழுந்து, மாடிப்படிகளை ஒருமுறை ஏறி இறங்கிவிட்டு, அதே ஸ்ட்ராவை வைத்துக்கொண்டு மூச்சு விட்டுப் பாருங்கள். இரண்டு மூச்சுக்குள் திணறிப்போய் ஸ்ட்ராவை எடுத்துவிடுவீர்கள். (தலை சுற்றுவதுபோல் இருந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.)

இரண்டு முறையும் குழல் ஒன்றேதான். அதன் அளவும் மாறவில்லை. மாறியது உங்கள் உடலின் தேவை. ஆகவே, ஒரு குழாய் சிறியதா பெரியதா என்பதைக் குழாயை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதன் வழியே எவ்வளவு காற்று, எவ்வளவு நேரத்தில் போக வேண்டும் என்பதைக் கேட்டுத்தான் சொல்ல முடியும். இந்த எளிய உண்மையைச் சரியாகப் புரிந்துகொண்டதால் ஒரு போர் விமானம் ஏறத்தாழ 3,000 அடி கூடுதல் உயரத்தில் முழு வலுவுடன் பறந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே காணப்போகிறோம்.

எஞ்சினும் மூச்சு விடுகிறது

பெட்ரோல் எஞ்சின் எரிபொருளால் ஓடுகிறது என்று நாம் சொல்வது பாதி உண்மையே. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிவதற்கு ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றுவது எளிது. காற்றைக் கூடுதலாகச் செலுத்துவதுதான் கடினம். எனவே எஞ்சினின் வலு அதற்குக் கிடைக்கும் காற்றின் எடையைப் பொறுத்தது. பருமன் என்று சொல்லவில்லை, எடை என்று சொன்னதைக் கவனியுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு புகழ்பெற்ற எஞ்சினை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் டார்பி நகரில் இருந்த ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் வடிவமைத்த ‘மெர்லின்’ என்னும் விமான எஞ்சின் அது. மெர்லின் என்பது வல்லூறு இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு பறவையின் பெயர். இரண்டாம் உலகப் போரின்போது ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் ஆகிய போர் விமானங்களை இயக்கியது இந்த எஞ்சின்தான். இதற்கு 12 சிலிண்டர்கள். அவற்றின் மொத்தக் கொள்ளளவு 27 லிட்டர். முழு வேகத்தில் நிமிடத்துக்கு 3,000 சுற்றுகள் சுழலும்.

இது நான்கு வீச்சு எஞ்சின். அதாவது, இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரும் நிரம்பும். ஆகவே நிமிடத்துக்கு 1,500 முறை 27 லிட்டர் நிரம்ப வேண்டும். பெருக்கினால் நிமிடத்துக்கு 40,500 லிட்டர். நொடிக்கு 675 லிட்டர். ஒரு பெரிய இரும்புப் பீப்பாயில் 200 லிட்டர் பிடிக்கும். மூன்று பீப்பாய்க்கும் மேற்பட்ட காற்றை இந்த எஞ்சின் ஒவ்வொரு நொடியும் விழுங்குகிறது!

மேலே போனால் காற்று மெலிகிறது

விமானம் உயரே செல்லச் செல்லக் காற்று மெலிந்துகொண்டே போகும். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தத்தை 1 வளிமண்டலம் என்று வைத்துக்கொண்டால், 16,000 அடி உயரத்தில், அதாவது ஏறத்தாழ 4,900 மீட்டரில், அது 0.54 வளிமண்டலம்தான். சிலிண்டர்கள் அதே 27 லிட்டரை நிரப்பிக்கொள்ளும். ஆனால் அந்த 27 லிட்டருக்குள் உள்ள காற்றின் எடை வெகுவாகக் குறைந்திருக்கும். எடை குறைந்தால் வலுவும் குறையும்.

இதற்கு மருந்தாக வந்ததுதான் ‘சூப்பர்சார்ஜர்’. கொல்லன் பட்டறையில் துருத்தி உலைக்குக் காற்றை ஊதுகிறதல்லவா? அதுபோல எஞ்சினுக்குள் காற்றை நெருக்கித் திணிக்கும் சாதனம் இது. மெர்லினில் இதன் உயிர்நாடி, இதழ்கள் கொண்ட ஓர் உலோகச் சக்கரம். எஞ்சினிலிருந்தே பற்சக்கரங்கள் மூலம் அதற்குச் சுழற்சி கிடைக்கும். சக்கரத்தின் நடுவே, ‘கண்’ எனப்படும் துவாரத்தின் வழியாகக் காற்று நுழைகிறது. சக்கரம் அதை விளிம்பை நோக்கி வீசி எறிகிறது. பிறகு அந்த வேகம் அழுத்தமாக மாற்றப்பட்டு, சிலிண்டர்களுக்குச் செல்கிறது.

1940-ல் போரிட்ட விமானங்களில் இருந்த மெர்லின் 3 எஞ்சினில் இந்தச் சக்கரத்தின் விட்டம் சுமார் 26 செ.மீ.; ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவு. அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 25,700 சுற்றுகள் சுழன்றது. அதன் விளிம்பின் வேகத்தை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். நொடிக்கு 350 மீட்டர் என்று வரும். சாதாரண காற்றில் ஒலியின் வேகத்தைவிடச் சற்று அதிகம்!

இந்தச் சூப்பர்சார்ஜர் 16,000 அடி உயரத்தில் 0.54 வளிமண்டலக் காற்றை வாங்கி, 1.42 வளிமண்டலமாக அழுத்திக் கொடுத்தது. 1.42-ஐ 0.54-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.6 வருகிறது. இதை ‘அழுத்த விகிதம்’ என்பர். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையில் முக்கியமான பாத்திரம் இதுதான்.

தேவையைக் கணக்கிடுவோம்

இனி, வெளியிலிருந்து காற்றைக் கொண்டுவரும் குழாய்க்கு வருவோம். சிலிண்டர்களுக்குள் நொடிக்கு 675 லிட்டர் போகிறது என்று கண்டோம். ஆனால் அது ஏற்கெனவே நெருக்கப்பட்ட காற்று. நெருக்கப்படுவதற்கு முன் அதன் பருமன் என்ன? பாயில் விதியை நினைவுகூருங்கள். அழுத்தம் 2.6 மடங்கானால் பருமன் 2.6-ல் ஒரு பங்காகும். ஆகவே வெளியே இருந்தபோது அதன் பருமன் 675-ஐ 2.6-ஆல் பெருக்க வருவது. அதாவது 1,755 லிட்டர்.

ஆனால் பாயில் விதி வெப்பநிலை மாறாதபோதுதான் பொருந்தும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். நெருக்கினால் காற்று சூடாகும். 16,000 அடி உயரத்தில் மைனஸ் 17 டிகிரி செல்சியசாக இருக்கும் காற்று, சூப்பர்சார்ஜரைத் தாண்டும்போது 70 டிகிரிக்கும் மேல் போய்விடுகிறது. தனி வெப்பநிலை அளவில் இது ஏறத்தாழ 1.35 மடங்கு. சூடான காற்று விரிவதால், சிலிண்டருக்குள் போகும் எடை அந்த அளவுக்குக் குறைகிறது. 1,755-ஐ 1.35-ஆல் வகுத்தால் 1,300 லிட்டர்.

ஆக, 27 லிட்டர் எஞ்சின் என்பதால் நொடிக்கு 675 லிட்டருக்கேற்ற குழாய் போதும் என்று எண்ணினால் தவறிவிடுவோம். சூப்பர்சார்ஜர் பொருத்திய எஞ்சினுக்கு, அதன் முன்னால் உள்ள குழாயில் ஏறத்தாழ இரு மடங்கு காற்று ஓட வேண்டும். படி ஏறி இறங்கிய பின் மூச்சு வாங்கிய உங்கள் நிலைதான் அதற்கும்.

குழாயின் விட்டமும் நான்காம் அடுக்கும்

நொடிக்கு 1,300 லிட்டர் காற்றை 10 செ.மீ. விட்டமுள்ள குழாயில் அனுப்பினால் அது நொடிக்கு 165 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். 15 செ.மீ. குழாயில் 74 மீட்டர், 20 செ.மீ. குழாயில் 41 மீட்டர். (இவை கணக்குக்காக நாம் எடுத்துக்கொண்ட அளவுகள், மெர்லினின் குழாய் அளவுகள் அல்ல.)

ஓடும் காற்று ஒரு வளைவில் திரும்பும்போதோ, திடீரென்று அகன்ற இடத்தில் புகும்போதோ சுழல்கள் உண்டாகின்றன. அந்தச் சுழல்களில் வீணாகும் ஆற்றல் அழுத்த இழப்பாக வெளிப்படுகிறது. இந்த இழப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வேகமோ குழாயின் குறுக்குப் பரப்புக்கு எதிர்விகிதம். பரப்போ விட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். அழுத்த இழப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது! விட்டம் பாதியானால் இழப்பு இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கும் அல்ல, பதினாறு மடங்கு.

முழங்கை மடக்கியதுபோல் செங்கோணத்தில் சட்டென்று திரும்பும் ஒரு வளைவு குழாயில் இருப்பதாகக் கொள்வோம். நம் கணக்கின்படி அதில் ஏற்படும் இழப்பு 10 செ.மீ. குழாயில் சுமார் 0.10 வளிமண்டலம், 15 செ.மீ. குழாயில் 0.02, 20 செ.மீ. குழாயில் 0.006. அதே வளைவை மெதுவாக, உள்பக்கம் வழவழப்பாக வளைத்தால், இழப்பு ஐந்தில் ஒரு பங்காகக்கூடக் குறையும். ஆகவே விட்டம் மட்டுமல்ல, வடிவமும் ‘அளவு’தான்.

கூட்டல் அல்ல, பெருக்கல்

‘0.02 வளிமண்டலம் என்ன பெரிய இழப்பு? அதுதான் சூப்பர்சார்ஜர் இருக்கிறதே, ஈடு கட்டிவிடாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள்.

சூப்பர்சார்ஜர் தன் வாய்க்கு வரும் அழுத்தத்தோடு ஒரு குறிப்பிட்ட அளவைக் கூட்டுவதில்லை, அதை 2.6-ஆல் பெருக்குகிறது. வருமானத்தைப் பெருக்குவது கடனையும் பெருக்குகிறது. வாயில் 0.02 குறைந்தால், வெளியே வரும்போது குறைவு 0.05. வாயில் 0.10 குறைந்தால் வெளியே குறைவு 0.26. கிடைக்க வேண்டிய 1.42-ல் இது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. ஆயிரம் குதிரைத்திறன் எஞ்சின் என்றால், ஏறத்தாழ 180 குதிரைத்திறன் அந்த ஒரு வளைவிலேயே தொலைந்துபோகும்.

இதை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். அந்த உயரத்தில் 0.02 வளிமண்டலம் அழுத்தம் குறைய எவ்வளவு மேலே ஏற வேண்டும்? சுமார் 275 மீட்டர். 0.10 குறைய ஏறத்தாழ 1,500 மீட்டர். எஞ்சினுக்கு உயரமானி கிடையாது; தன் வாய்க்கு வரும் அழுத்தம் ஒன்றுதான் அதற்குத் தெரியும். ஆகவே 4,900 மீட்டரில் பறக்கும்போதே, குறுகலான குழாயுள்ள எஞ்சின் தான் 6,400 மீட்டரில் இருப்பதாக எண்ணிக்கொள்ளும். அந்தச் சிறிய வளைவுக்குள் ஒரு மலையே ஒளிந்திருக்கிறது!

வேடிக்கை என்னவென்றால், தரைக்கு அருகில் பறக்கும்போது இந்தக் குறை வெளியே தெரியவே தெரியாது. அங்கே காற்று செழிப்பாக இருப்பதால், எஞ்சின் வெடித்துவிடாமல் காக்க, திராட்டில் எனப்படும் கதவைப் பாதி மூடியே வைத்திருப்பார்கள். உயரே போகப் போக அதைச் சிறிது சிறிதாகத் திறப்பார்கள். கதவு முழுவதும் திறந்தாகிவிட்ட உயரத்துக்கு மேல் ஏறினால் வலு குறையத் தொடங்கும். அதை ‘முழுத்திறப்பு உயரம்’ என்பர். குழாயின் குற்றம் அங்கேதான் அம்பலமாகும். வான்போரில் மேலே இருப்பவனுக்கே சாதகம். ஆகவே இந்த உயரம் விமானியின் உயிரைப் பொறுத்த விஷயம்.

கணித வல்லுநர் கண்ட முழங்கை

1938-ம் ஆண்டு ஸ்டான்லி ஹுக்கர் என்ற இளைஞர் டார்பியில் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் படித்தது கணிதம். காற்றோட்டம் பற்றிய ஆய்வில் டாக்டர் பட்டம் பெற்றவர். எஞ்சின் வேலையில் முன் அனுபவம் இல்லை. பிற்காலத்தில், 1984-ல் வெளியான தமது தன்வரலாற்றுக்கு, ‘அப்படியொன்றும் பெரிய எஞ்சினியர் இல்லை’ என்று பொருள்படும் தலைப்பையே அவர் வைத்தார்.

புதிதாக வந்தவருக்குக் குறிப்பிட்ட வேலை எதையும் தரவில்லை. அங்கும் இங்கும் சுற்றிப் பார்த்தவர், சூப்பர்சார்ஜர் சோதனைப் பிரிவில் நின்றார். அங்கே குறித்து வைத்திருந்த அளவீடுகளை எடுத்துக்கொண்டு, கணிதத்தின் துணையால் ஆராயத் தொடங்கினார். மெர்லினின் சூப்பர்சார்ஜர் தரக்கூடிய அளவுக்குத் தரவில்லை என்பது அவருக்குப் புலப்பட்டது. முக்கியமான குறைகளில் ஒன்று, காற்று உள்ளே வரும் பாதை. இட நெருக்கடியால் அது சக்கரத்தின் கண்ணுக்கு முன்னால் சட்டென்று மடங்கியிருந்தது. மடங்கிவரும் காற்று கண்ணின் எல்லாப் பக்கமும் ஒரே சீராக நுழையவில்லை. சக்கரத்தைத் தாண்டிய பின் வேகத்தை அழுத்தமாக மாற்றும் பகுதியிலும் குறை இருந்தது.

காற்றுப் பாதையைத் திருத்தி, நேராகவும் தாராளமாகவும் கண்ணுக்குள் நுழையும்படி அமைத்தார்கள். மற்றப் பகுதிகளையும் சீராக்கினார்கள். இந்தத் திருத்தங்களுடன் 1940-ல் மெர்லின் 20 எஞ்சினும், அதையடுத்து ஸ்பிட்ஃபயருக்கான மெர்லின் 45 எஞ்சினும் வந்தன. சிலிண்டர்கள் அதே 27 லிட்டர்தான். ஆனால் முழுத்திறப்பு உயரம் சுமார் 16,000 அடியிலிருந்து சுமார் 19,000 அடியாக உயர்ந்தது. எஞ்சினைப் பெரிதாக்காமல், அது மூச்சு விடும் வழியைச் சரிசெய்ததன் பலன் இது.

வாய் எவ்வளவு திறக்க வேண்டும்?

‘அப்படியானால் எல்லாவற்றையும் பெரிதாக வைத்துவிட்டால் ஆயிற்று!’ என்று வகுப்பில் மாணவர்கள் சொல்வதுண்டு. அதுவும் சரியல்ல. காரணம் பார்ப்போம்.

விமானத்தின் காற்று வாய் முன்னோக்கித் திறந்திருக்கும். மணிக்கு 500 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 139 மீட்டர் வேகத்தில் பறக்கும்போது, எதிர்க்காற்று அந்த வாயில் வந்து மோதுகிறது. அந்த வேகத்தை வீணாக்காமல் அழுத்தமாக மாற்றினால், நம் உதாரணத்தில் 0.07 வளிமண்டலம் வரை இலவசமாகக் கிடைக்கும். சூப்பர்சார்ஜர் இதையும் 2.6-ஆல் பெருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அந்த வேகத்தில் நொடிக்கு 1,300 லிட்டர் காற்று நுழைய, சுமார் 11 செ.மீ. விட்டமுள்ள வாய் போதும். வாய் அதைவிட மிகப் பெரியதானால், எஞ்சினுக்கு வேண்டாத காற்று வாசலில் தேங்கி வெளியே வழியும்; அது விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். சிறியதானால், எஞ்சின் இழுத்து இழுத்து மூச்சு வாங்க வேண்டியிருக்கும். ஆனால் மேலே ஏறும்போது விமானத்தின் வேகம் பாதியளவாகிவிடும். அப்போது அதே காற்றுக்கு 15 செ.மீ. வாய் தேவைப்படும். எனவே வடிவமைப்பவர் இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் அளவைத் தேர்ந்தெடுக்கிறார்.

வாயைத் தாண்டியதும் குழாய் மெதுவாக அகல வேண்டும். மெதுவாக என்பதுதான் முக்கியம். ஒரேயடியாக அகன்றால், காற்று சுவரைவிட்டு விலகிச் சுழன்று, கிடைத்த லாபத்தையெல்லாம் வெப்பமாக்கி வீணடித்துவிடும். சிறிய குழாயில் பெரிய குழாயைத் திடீரென்று இணைத்தால், பெரியது இருந்தும் பயனில்லை.

வடிகட்டி தந்த தலைவலி

1942-ல் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் மத்தியதரைக் கடலில் உள்ள மால்டா தீவுக்கும் வட ஆப்பிரிக்காவின் பாலைவனத்துக்கும் சென்றன. அங்கே புழுதி அதிகம். மணல் துகள் உள்ளே புகுந்தால் சிலிண்டர்களின் உள்சுவர் தேய்ந்து எஞ்சின் சீக்கிரமே பாழாகும். எனவே காற்று வாயில் வோக்ஸ் எனப்படும் வடிகட்டியைப் பொருத்தினார்கள். அதை மூடும் கூடு விமானத்தின் மூக்குக்குக் கீழே பெரிய தாடையைப்போல் தொங்கியது. எஞ்சின் பிழைத்தது; ஆனால் விமானத்தின் வேகமும் மேலேறும் திறனும் குறைந்தன. கூடு எதிர்க்காற்றைத் தடுத்தது ஒரு காரணம். வடிகட்டி காற்றின் வேகத்தை வாங்கிக்கொண்டது இன்னொரு காரணம்.

எகிப்தில் அபூகிர் என்ற இடத்தில் இருந்த பழுதுபார்க்கும் பிரிவில், இதைவிடச் சிறிய, வழவழப்பான உறையுள்ள வடிகட்டி ஒன்றைத் தயாரித்தார்கள். வடிகட்டியில் இரண்டு தேவைகள் மோதுகின்றன. துணியின் பரப்பு பெரிதாக இருந்தால் காற்று மெதுவாக ஊடுருவும்; இழப்பு குறையும். ஆனால் பெரிய பரப்புக்குப் பெரிய இடம் வேண்டும். இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான், இன்றைய மோட்டார் வாகன வடிகட்டிகளில் தாளை விசிறிபோல் மடித்து மடித்து வைக்கிறார்கள். சிறிய பெட்டிக்குள் பெரிய பரப்பு அடங்கிவிடுகிறது.

குறுகலே சரியாகும் இடங்கள்

சில இடங்களில் குறுகலாக வைப்பதே முறை. மெர்லினில் கார்புரேட்டர் சூப்பர்சார்ஜருக்கு முன்னால் இருந்தது. கார்புரேட்டரின் தொண்டை குறுகலாக இருந்தால்தான் அங்கே காற்று வேகமெடுத்து, அழுத்தம் குறைந்து, பெட்ரோல் உறிஞ்சப்படும். அகலமாக வைத்தால் பெட்ரோல் வராது. இந்தக் குறுகலால் கொஞ்சம் இழப்பு உண்டு. ஆனால் அதற்கு ஈடாக ஒரு நன்மையும் கிடைத்தது. சூப்பர்சார்ஜருக்கு முன்னாலேயே கலந்த பெட்ரோல் ஆவியாகும்போது, காற்றை ஏறத்தாழ 25 டிகிரி குளிரச் செய்தது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. ஆகவே சிலிண்டருக்குள் கூடுதல் எடை புகுந்தது. நாம் முன்பு சொன்ன 70 டிகிரி, இந்தக் குளிர்ச்சியையும் கணக்கில் சேர்த்துச் சொன்னதே.

இன்னொரு குறுகல் பெட்ரோல் குழாயில் நேர்ந்தது. விமானத்தின் மூக்கைத் திடீரென்று கீழே சாய்த்தால், கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டுமீறிப் பெருகி எஞ்சின் நின்றுபோகும் ஆபத்து இருந்தது. ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர், 1941-ன் தொடக்கத்தில் இதற்கு ஒரு வழி கண்டார். துளையிட்ட ஒரு சிறு உலோகத் துண்டைப் பெட்ரோல் குழாயில் வைத்தார். எஞ்சின் முழு வலுவில் ஓட எவ்வளவு பெட்ரோல் வேண்டுமோ, அவ்வளவுக்கு மேல் விடாத அளவு துளை அது. துளை இன்னும் சிறியதானால் எஞ்சின் பட்டினி, பெரியதானால் வெள்ளம். சரியான அளவு விமானிகளைக் காத்தது.

முன்னது பெரிது, பின்னது சிறிது

இன்னும் உயரத்தில் வலுவுடன் பறக்க ஒரு சூப்பர்சார்ஜர் போதவில்லை. இரண்டை வரிசையாக வைக்க முடிவு செய்தார்கள். முதலாவது அழுத்திய காற்றை இரண்டாவது மீண்டும் அழுத்த வேண்டும். இரண்டும் ஒரே அளவா? சற்று யோசியுங்கள். முதலாவதற்கு வருவது மெலிந்த காற்று; பருமன் அதிகம். இரண்டாவதற்கு வருவது ஏற்கெனவே நெருக்கப்பட்ட காற்று; எடை அதேதான், பருமன் குறைவு. ஆகவே முதலாவது பெரியதாக இருக்க வேண்டும்.

அதன்படி, ரோல்ஸ் ராய்சின் ‘வல்ச்சர்’ என்னும் இன்னும் பெரிய எஞ்சினுக்காக உருவான சூப்பர்சார்ஜரை மாற்றியமைத்து முதலாவதாகப் பயன்படுத்தினார்கள். மெர்லின் 61 எஞ்சினில் முதல் சக்கரத்தின் விட்டம் 11.5 அங்குலம்; இரண்டாவது 10.1 அங்குலம். இருமுறை அழுத்துவதால் ஏற்படும் சூட்டைத் தணிக்க, பிறகு தண்ணீரால் குளிர்விக்கும் பெட்டி ஒன்றையும் வைத்தார்கள். இந்த எஞ்சினுடன் 1942-ம் ஆண்டின் நடுவில் களமிறங்கிய ஸ்பிட்ஃபயர் 9, 25,000 அடிக்கு மேலும் வலுவுடன் பறந்தது.

பெரியது நல்லது என்று, தேவைக்கு மிஞ்சிய சூப்பர்சார்ஜரைப் பொருத்தினாலும் தொல்லைதான். அதன் வழியே ஓடும் காற்று மிகக் குறைந்துவிட்டால், அழுத்தப்பட்ட காற்று முன்னே போகாமல் பின்னோக்கிப் பாயும். மறுபடி முன்னே வரும். எஞ்சின் விக்கி விக்கி ஓடும். இதற்குச் ‘சர்ஜ்’ என்று பெயர்.

நீங்களே பாருங்கள்

நாம் கண்டதைத் தொகுத்துக் கூறினால், காற்றுப் பாதையின் அளவைத் தீர்மானிக்க நான்கு கேள்விகள் போதும். எஞ்சின் ஒரு நொடியில் விழுங்கும் பருமன் எவ்வளவு? அழுத்த விகிதமும் சூடும் கணக்கில் சேர்ந்தால் வெளிக்காற்றின் பருமன் எவ்வளவு? நாம் எண்ணியிருக்கும் குழாயில் அது எவ்வளவு வேகமாக ஓடும்? அந்த வேகத்தில் வளைவுகளிலும் வடிகட்டியிலும் இழக்கும் அழுத்தத்தைப் பெருக்கிப் பார்த்தால், எஞ்சின் இழப்பது எவ்வளவு? கடைசி விடை பொறுத்துக்கொள்ளும் அளவில் இருந்தால், குழாயின் அளவு சரி.

அடுத்த முறை முன்மூடியைத் திறந்து வைத்துப் பழுதுபார்க்கும் லாரி ஒன்றைக் கண்டால், அருகிலிருப்பவரின் அனுமதி பெற்று எட்டிப் பாருங்கள். இன்றைய டீசல் லாரிகளில் டர்போ என்ற சாதனம் இருக்கும். அதுவும் சூப்பர்சார்ஜரின் வேலையைத்தான் செய்கிறது. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் விசையால் சுழல்வது ஒன்றே வேறுபாடு. காற்று வடிகட்டியிலிருந்து டர்போவுக்கு வரும் குழாயையும், டர்போவிலிருந்து எஞ்சினை நோக்கிப் போகும் குழாயையும் ஒப்பிடுங்கள். பெரும்பாலும் முன்னது பருத்தும் பின்னது மெலிந்தும் இருக்கும். இரண்டிலும் ஓடும் காற்றின் எடை ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு என்று பக்கத்தில் நிற்கும் நண்பன் கேட்டால், இனி நீங்களே அவனுக்கு விளக்கிச் சொல்லலாம்.